அம்மாவுக்கு ஒரு கடல், ஒரு நாற்காலி!

“இந்தத் தடவை ஊர் சுத்திக் காட்டுறேன்னு என்னைக் கார்ல ஏத்திடாதடி. ஒரே இடம். போனோமா, உட்கார்ந்தோமான்னு இருக்கணும். சொல்லிட்டேன்.”

மெல்போர்ன் வருவதற்கு டிக்கெட் போட்ட அன்றே, கும்பகோணத்திலிருந்து அம்மா போட்ட நிபந்தனை இது. விசா, முழங்கால் வலி, விமானத்தில் சாப்பாடு கிடைக்குமா என்ற கவலையெல்லாம் அதற்கு அப்புறம்தான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

2018 நவம்பரில் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக இங்கே வந்திருந்தார்கள். மொத்தம் ஆறு வாரம். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஃபார்மசிஸ்ட். வாரத்தில் ஐந்தரை நாள் நின்றுகொண்டே பிழைப்பு. கிடைத்த ஒவ்வொரு லீவு நாளிலும் ஓர் இடம் என்று எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தேன். அதில் ‘கிரேட் ஓஷன் ரோடு - ஒரு நாள்’ என்று ஒரு வரி.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919-ல் ஆரம்பித்து 1932 வரை மலைப்பாறையை வெட்டிப் போட்ட கடலோரச் சாலை அது. 243 கிலோமீட்டர். அவர்கள் 13 வருஷம் போட்ட ரோட்டை நாங்கள் ஒரே நாளில் பார்த்து முடித்தோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதரைக்கு வீடு. ‘ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ்’ பாறைகளுக்கு முன்னால் எடுத்த போட்டோவில் அம்மாவின் புடவைத் தலைப்பு என் முகத்தை மறைக்கிறது, அப்பா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். (பெயர்தான் பன்னிரண்டு, அத்தனை பாறைகள் அங்கே கிடையாது.)

வழியில் அப்பல்லோ பே என்ற ஊரில் சாப்பிட நிறுத்தினோம். கடலைப் பார்த்த புல்தரையில் ஒரு பெஞ்ச். அப்பா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். நான் வாட்சைப் பார்த்தேன்.

“இன்னும் ஒரு பத்து நிமிஷம் உட்காரலாமாம்மா?”

“இல்லப்பா, இப்பக் கிளம்பினாத்தான் வெளிச்சம் இருக்கும்போது அங்க போக முடியும்.”

சரி என்று ஷூவை மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. 2021 மே மாதம் அப்பா மாரடைப்பில் போனார். அந்த மே மாதத்தில் இந்தியாவிலிருந்து வரும் விமானங்களையே ஆஸ்திரேலியா சில வாரம் நிறுத்தியிருந்தது. இங்கிருந்து கிளம்பவும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். எல்லாவற்றையும் போன் திரையில்தான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தப் பத்து நிமிஷம் எனக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மாட்டேன் என்கிறது.

பட்டியல் போட்டு ஊர் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்துதான் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவர். வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்து, ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில். விடிகாலை நாலரைக்குத் திங்களூர், ராத்திரி திருநள்ளாறு. எந்தக் கோயிலில் எத்தனை நிமிஷம் என்று எழுதிய துண்டுச் சீட்டு சட்டைப் பையில் இருக்கும். கேது ஸ்தலமான கீழப்பெரும்பள்ளத்திலிருந்து பூம்புகார் கடல் கூப்பிடு தூரம். “ஒரு அஞ்சு நிமிஷம் கடலைப் பார்த்துட்டுப் போலாம்ப்பா” என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். “நடை சாத்திடுவாங்கம்மா” என்பார். ஒரு வருஷம்கூட பார்த்ததில்லை.

சரி, அம்மாவின் நிபந்தனைக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் வந்து இறங்கினார். நான் வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்து எக்செல்லில் ‘கடலோர ஊர்கள்’ என்று தலைப்பு போட்டேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் கணவர், “உட்காரணும்னுதானே அத்தை கேட்டாங்க? அதுக்கு எதுக்கு பதினாலு காலம்?” என்றார். மூடிவைத்துவிட்டு அம்மாவிடமே போய்க் கேட்டேன். உனக்கு என்னம்மா வேணும்?

அம்மா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. “நானே தனியா நடந்து போய்க் கடலைப் பார்த்துட்டுத் திரும்பி வரணும். உன்னையோ மாப்பிள்ளையையோ கார் எடுக்கச் சொல்லாம.”

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் இருக்கும் புறநகரில் பால் வாங்கவே கார் வேண்டும். கும்பகோணத்தில் காலை ஏழு மணிக்குள் காய்கறி, பூ, கோயில் என்று மூன்று தெரு சுற்றி வருகிற 68 வயதுப் பெண்மணி, இங்கே எங்கள் ஷிஃப்ட் முடியும்வரை ஜன்னலோரம் காத்திருப்பார். அவருக்கு ஓய்வு என்றால் இன்னொருவர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பது. அது தெரிந்த பிறகு ஊர் தேடுவது சுலபமாகிவிட்டது. மேடு பள்ளமான ஊர்கள் எல்லாம் போயின. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நெடுஞ்சாலை ஓடும் ஊர்கள் போயின. அப்பல்லோ பே நல்ல ஊர்தான். அந்த பெஞ்சுக்குத் திரும்பிப் போக எனக்குத்தான் தெம்பில்லை.

மிஞ்சியது போர்ட் ஃபெய்ரி. மெல்போர்னுக்கு மேற்கே சுமார் 290 கிலோமீட்டர். நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர், தட்டையான தரை. ஒரு பக்கம் மோய்ன் ஆறு, ஆற்றங்கரையில் மீன்பிடிப் படகுகள், இன்னொரு பக்கம் நீளமான மணல் கடற்கரை, நடுவில் கடைத்தெரு. எங்கிருந்து எங்கே போவதானாலும் கால் நடைதான். 19-ம் நூற்றாண்டில் கருங்கல்லில் கட்டிய குட்டி வீடுகள் இன்னும் நிற்கின்றன. தெருவோரம் ஊசிக் கோபுரம் மாதிரி உயரமான நார்ஃபோக் பைன் மரங்கள். கொஞ்ச காலம் ‘பெல்ஃபாஸ்ட்’ என்று அழைக்கப்பட்டு, 1887-ல் பழைய பெயருக்கே திரும்பிய ஊர்.

எப்போது போவது என்பதிலும் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் பள்ளி விடுமுறை. கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். மார்ச் மாதம் நீண்ட வார இறுதியில் அங்கே நாட்டுப்புற இசை விழா. ஊரே நிரம்பி வழியும். இரண்டுக்கும் நடுவில் பிப்ரவரி மூன்றாவது வாரம். பள்ளி திறந்திருக்கும், வெயில் இருக்கும், மாலை எட்டு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். திங்கள் முதல் சனி வரை எடுத்ததில் வாடகையும் குறைந்தது. மகனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று தயங்கினேன். “நான் பார்த்துக்கறேன். அம்மாவும் பொண்ணுமா போயிட்டு வாங்க” என்றார் கணவர்.

வீடு எடுக்கும்போது போட்டோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியது குளியலறையை. இங்கே பல பழைய வீடுகளில் குளியல் தொட்டிக்கு மேலேதான் ஷவர். தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே ஏறி, வழுக்குகிற இடத்தில் நின்று குளிக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதைவிட ஆபத்து இல்லை. பார்க்க ஓவியம் மாதிரி இருந்த இரண்டு கல் வீடுகளை இதற்காகவே விட்டேன். மூன்றாவது வீட்டுக்காரருக்கு, வாசலில் படி உண்டா, கட்டில் எவ்வளவு உயரம், ஷவர் தரையோடு இருக்கிறதா என்று கேட்டு மெயில் போட்டேன். அளந்து பார்த்தே பதில் அனுப்பினார். அந்த வீட்டையே எடுத்தேன். ஊரில் சிறிய மருத்துவமனை இருக்கிறது, பெரியது 28 கிலோமீட்டர் தள்ளி வார்ணம்பூலில் என்பதையும் பார்த்துக்கொண்டேன். நம் ஊரிலிருந்து வரும் விருந்தினருக்கு இங்கே அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. அம்மாவின் பயணக் காப்பீட்டில் பி.பி. இருப்பதைச் சொல்லித்தான் எடுத்திருந்தோம். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

எடுத்துப்போன சாமான்: ரைஸ் குக்கர், ஒரு சின்ன பிரஷர் குக்கர், ஐஸ் பெட்டியில் இட்லி மாவு, புளிக்காய்ச்சல், அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபில்டரும் காபிப் பொடியும், மடக்கு நாற்காலி இரண்டு. கடற்கரைக்குப் போகிறவர்கள் எடுத்துப்போகும் நீச்சல் உடுப்பு மாதிரி ஒன்றும் இல்லை.

அழகான கடலோரச் சாலையை விட்டுவிட்டு, ஜீலாங், கோலாக், கேம்பர்டவுன் என்று உள்நாட்டுச் சாலையில் போகப்போகிறேன் என்றதும் என் தோழிகள் அதிர்ந்துபோனார்கள். ஏதோ தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயில் பார்க்காமல் திரும்புகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆனால் அந்த வழியில் வளைவு இல்லை, அம்மாவுக்கு வாந்தி வராது, மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டோம். கோலாக்கில் ஏரிக்கரையில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். அதற்குப் பிறகு வழி நெடுக மாடுகள். “இத்தனை மாடு இருக்கு, ஒரு ஆளைக் காணோமே” என்று கேம்பர்டவுன் வரை அம்மா கவலைப்பட்டுக்கொண்டே வந்தார்.

முதல் நாள் சாயங்காலம் கிழக்குக் கடற்கரைக்குப் போனோம். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும். அங்கேதான் உயிர்காப்பவர்களின் பார்வை இருக்கும் என்று அம்மாவுக்குச் சொன்னேன். “நான் என்ன நீஞ்சவா போறேன்” என்று கணுக்கால் வரை நனைத்துவிட்டு, ‘ஐயோ’ என்று திரும்பி ஓடி வந்தார். கோடையிலும் ஜில்லென்று இருந்தது தண்ணீர். அங்கிருந்து நேர் தெற்கே போனால் அடுத்த நிலம் அண்டார்டிகா என்றேன். “அதான் ஐஸை அப்படியே அனுப்பி வச்சிருக்கு.”

தொப்பி போட மாட்டேன் என்றார். இங்கத்து வெயில் சுடுவது தெரியாமலே தோலைப் பொசுக்கிவிடும். சட்டையைப் போடு, களிம்பைத் தடவு, தொப்பியை மாட்டு என்று 1981-லிருந்து இந்த நாட்டில் பிரசாரமே நடக்கிறது. அம்மா புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, நான் கொடுத்த குடையை விரித்தார். தென்கடல் காற்று ஒரே அடியில் அதைத் தாமரைப் பூவாக்கியது. மறுநாள் கடைத்தெருவில் தானே ஒரு பெரிய தொப்பி வாங்கிக்கொண்டார். புடவைக்கு மேட்சாக.

ஓய்வெடுக்க வந்தேனே தவிர, எனக்கு அது வரவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலேயே கண் விழித்து, ‘இன்றைக்கு என்ன’ என்று போனில் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் என்னையறியாமல் மறுபடி தூங்கியிருக்கிறேன். எழுந்தபோது மணி ஒன்பது. அடுப்பில் ஃபில்டர் இருக்கிறது, அம்மா இல்லை. கூடத்தில் அவர் போன் சார்ஜில் கிடக்கிறது.

கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு கடற்கரைக்கு ஓடினேன். ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும் தவிர யாரும் இல்லை. கடைத்தெரு, பேக்கரி, சர்ச் வாசல். “மஞ்சள் புடவை கட்டிய அம்மாளைப் பார்த்தீர்களா” என்று கேட்டால் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்த ஊரில் வேறு யார் மஞ்சள் புடவையில் நடக்கப்போகிறார்கள்? ஆனால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கடைசியில் ஆற்றங்கரைப் படகுத்துறையில் இருந்தார். பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து, எதிரே ஒரு மீனவர் சிங்கி இறால் பிடிக்கும் கூண்டைச் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, அம்மா தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் புரிந்ததாகத்தான் தெரிந்தது.

நான் கத்திவிட்டேன். அந்நிய ஊர், பாஷை தெரியாது, போன் இல்லை, விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று கத்தினேன். மீனவர் தலையைக் குனிந்துகொண்டு கூண்டில் மும்முரமானார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“கும்மோணத்துல மூணு வருஷமா தனியாத்தானே இருக்கேன். அங்க காலையில நான் எழுந்தேனா இல்லையான்னு யாருடி தேடுறா?”

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் அம்மாதான் பேசினார். சிங்கி இறால் கூண்டுக்குள் எப்படி நுழைகிறது, ஏன் திரும்பி வெளியே வர முடிவதில்லை என்று கையால் செய்து காட்டினார்.

அன்றோடு என் பட்டியலை விட்டேன். விட்டேன் என்பதைவிட, அம்மாவின் நாள் என்னை இழுத்துக்கொண்டது எனலாம். ஐந்தரைக்கு எழுந்து டிகாஷன் போடுவார். அந்தப் பகுதி பூராவும் பால் பண்ணைகள். “இந்தப் பாலுக்கு டிகாஷன் ஒரு கரண்டி ஜாஸ்தி விடணும்” என்பது இரண்டாம் நாளே கண்டுபிடித்த உண்மை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றுவரை ஒரு நடை. திரும்பி வந்து சமையல். மத்தியானம் தூக்கம். சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடல். இடையில் நான் ஒரு தலையணை அளவு நாவலில் பாதி படித்தேன். மகன் பிறந்த பிறகு இது முதல்முறை.

புதன்கிழமை மத்தியானம் மீன் வறுவல் கடையில் ஃப்ளேக்கும் சிப்ஸும் வாங்கி வந்தேன். விக்டோரியாவில் மீன் கடை என்றால் முதலில் கேட்பது இந்த ஃப்ளேக்தான். முள்ளே இருக்காது. ஆறு வருஷமாக மகனுக்கு வாங்கிக் கொடுக்கிறேன். அம்மா மேல் மாவை விலக்கி ஒரு விள்ளல் வாயில் போட்டார். நிறுத்தி, மென்றார்.

“ஏண்டி, இது சுறா!”

இல்லம்மா, ஃப்ளேக் என்று ஒரு மீன் என்றேன். “எனக்கா சொல்றே? நார் நாரா வருது பாரு. நீ பொறந்தப்ப எங்கம்மா நாற்பது நாள் எனக்குப் போட்டது இதைத்தான்.” போனில் தேடினேன். சுறாதான். கம்மி ஷார்க் என்று இந்தக் கடலில் கிடைக்கிற சிறிய வகைச் சுறாவின் சதைக்குத்தான் இங்கே ஃப்ளேக் என்று பெயர். சாயங்காலமே கடையில் பொரிக்காத துண்டாக ஒரு கிலோ வாங்க வைத்தார். மஞ்சள் போட்டு வேகவைத்து, உதிர்த்து, சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம், பூண்டு, மிளகு தட்டிப் போட்டு சுறாப்புட்டு. தென்கடல் ஓரத்தில் கருங்கல் ஊரில் அந்த வாசனை எழுந்தபோது பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை.

இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு கிரிஃபித்ஸ் தீவுக்குப் போனோம். தீவு என்றால் பயந்துவிட வேண்டாம், ஊரின் விளிம்பிலிருந்து ஒரு சின்னப் பாலம் மாதிரியான வழியில் நடந்தே போய்விடலாம். கடைசி முனையில் 1859-ல் கட்டிய கலங்கரை விளக்கம். தீவைச் சுற்றிவர மூன்று கிலோமீட்டர். அம்மாவின் முழங்காலுக்கு அது அதிகம். நுழைந்ததும் வரும் பார்வை மேடைக்கருகில் நாற்காலியை விரித்தோம். பாதையை விட்டு இறங்கக் கூடாது. புல்லுக்குக் கீழே மண் முழுக்கப் பறவைகளின் பொந்து.

உள்ளூரில் ‘மட்டன் பேர்ட்’ என்கிறார்கள். காக்கை நிறத்தில், நீண்ட குறுகிய சிறகுள்ள கடல் பறவை. ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டி, தேதி பிசகாமல் வந்துவிடும். போன வருஷம் இருந்த அதே பொந்து, பெரும்பாலும் அதே ஜோடி. ஒரே ஒரு முட்டை. ஜனவரியில் குஞ்சு. பகலெல்லாம் தாயும் தகப்பனும் கடலில் இரை தேடிவிட்டு, இருட்டுகிற நேரத்தில் திரும்பும்.

சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. “ஒண்ணையும் காணோமே” என்றார் அம்மா. அப்போது தலைக்கு மேல் விசுக்கென்று ஒன்று. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. வானம் முழுக்கக் கறுப்புக் கோடுகள். சத்தம் போடாமல் வந்து, தன் பொந்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, தொப்பென்று புல்லில் விழுகின்றன. பறப்பதில் இருக்கிற நேர்த்தி இறங்குவதில் இல்லை. தரைக்கு அடியிலிருந்து குஞ்சுகளின் கத்தல் கேட்க ஆரம்பித்தது.

ஏப்ரலில் பெரிய பறவைகள் எல்லாம் கிளம்பிவிடும், அலாஸ்கா பக்கம் வரை 15,000 கிலோமீட்டர் பறக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். குஞ்சுகளை விட்டுவிட்டுத்தான் போகும். இரண்டு, மூன்று வாரம் கழித்து குஞ்சுகள் தாமாகவே அதே வழியில் போகும்.

“வழி யாரு சொல்றா?”

“யாரும் இல்லம்மா.”

அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ம். பசிக்கும்ல. கெளம்பிடும்” என்றார்.

இருட்டில் முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. அப்பல்லோ பே பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். அப்பா கேட்டார்மா, கடலைப் பார்த்துட்டு இன்னும் பத்து நிமிஷம் உட்காரணும்னு. நான்தான் கிளப்பிட்டேன். ஐந்து வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

“அவரு கடலுக்காகக் கேட்கலடி” என்றார் அம்மா. “காலு வீங்கிடுச்சு. ஷூவுக்குள்ள போகல. பார்க்கலையா நீ, லேஸை அவுத்துவிட்டுட்டுத்தானே திரும்ப மாட்டினாரு. உன்கிட்ட சொல்லாதேன்னுட்டாரு. ‘புள்ள லீவைப் போட்டுட்டுக் கூட்டிட்டு வந்துருக்கு, மூஞ்சி வாடிடும்’னாரு.”

கால் வீக்கம். அதற்கான மாத்திரையை ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுக்கிறேன்! கொடுக்கும்போது, “கணுக்கால் வீங்குதா, மூச்சு வாங்குதா, டாக்டர்கிட்ட சொன்னீங்களா” என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிறேன். அன்று அப்பாவின் கால் என் கண் முன்னால் புல்தரையில் நீட்டிக்கொண்டிருந்தது. நான் வாட்சைத்தான் பார்த்தேன்.

ஊருக்குப் போய் டாக்டரிடம் காட்டினாரா என்று கேட்டேன். “காட்டினாரு. மாத்திரை குடுத்தாங்க. சாப்பிட்டாரு, விட்டாரு, சாப்பிட்டாரு. உனக்குத்தான் தெரியுமே அவரை” என்றார். பிறகு, “குளிருது, எழுந்திரு” என்றார். டார்ச் வெளிச்சத்தில் பாதையைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். என் கையை அவர் பிடித்துக்கொண்டாரா, அவர் கையை நானா என்பது நினைவில்லை.

வியாழக்கிழமை ஒரே ஒரு வெளி இடம். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் டவர் ஹில் என்கிற பழைய எரிமலை வாய். உள்ளே ஏரி, காடு, ஈமு கோழிகள். 1892-ல் விக்டோரியாவின் முதல் தேசியப் பூங்காவானது. பெயர்தான் பூங்கா, மரமெல்லாம் அழிந்து மொட்டையாகக் கிடந்திருக்கிறது. யூஜின் வான் கெரார்ட் என்ற ஓவியர் 1855-ல் அந்த இடத்தை இலை இலையாக வரைந்து வைத்திருந்தார். 1961-க்குப் பிறகு அந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் எங்கே என்ன மரம் இருந்தது என்று தெரிந்துகொண்டு திரும்ப நட்டிருக்கிறார்கள். “படத்தைப் பார்த்துக் காட்டையே நட்டாங்களா?” என்று அம்மா மூன்று முறை கேட்டார். ஓர் ஈமு எங்கள் காரைச் சுற்றி வந்து, கண்ணாடி வழியாக அம்மாவை உற்றுப் பார்த்துவிட்டுப் போனது.

வெள்ளிக்கிழமை மழை. கதவைத் திறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை என்பதால் சைவம். சாம்பார், அப்பளம், தூக்கம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். கிளம்புமுன் ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று நான்தான் கேட்டேன். அம்மா வானத்தைப் பார்த்தார். “மழை வருது, ஏறு. அஞ்சு நாள் உட்கார்ந்தது போதாதா?” படகுத்துறையைத் தாண்டும்போது மட்டும் கண்ணாடியை இறக்கி, கூண்டுக்காரருக்குக் கை காட்டினார். அவரும் காட்டினார்.

கோலாக் ஏரிக்கரையில் மறுபடி நிறுத்தினேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும் என்று போகும்போதே சொல்லியிருந்தேன். அம்மா கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தார். என் கண் தானாகக் கீழே போனது. அவர் அதைக் கவனித்துவிட்டார். புடவைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கி, இரண்டு காலையும் நீட்டிக் காட்டினார்.

“பார்த்துக்கோ. வீங்கல.”